சேலத்துப் பாட்டி இங்கிலாந்தில் போய்த் துப்பறிய முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்த 71 வயதுப் பாட்டி ஒருவர், இங்கிலாந்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போகிறார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா மாடிப்படியில் விழுந்து இறந்து கிடக்கிறார். விபத்து என்று ஊரே சொல்ல, பாட்டி மட்டும் நம்பவில்லை. கடைசியில் கொன்றவனைக் காட்டிக்கொடுக்கிறார். ரத்தம் தெறிக்காத, காபியைக் கையில் வைத்துக்கொண்டே படித்து முடிக்கிற வகைத் துப்பறியும் நாவல். முதல் சில அத்தியாயங்களைப் படித்த உங்கள் நண்பர்கள், "இங்கிலீஷ் தெரியாத பாட்டி அந்த ஊர் போலீஸையே எப்படி முந்துவார்?" என்று சிரித்தார்களாம். இது நடக்கக்கூடியதா, சட்டப்படி அங்கே பாட்டியால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்கள். கேட்டிருப்பது சட்டம்தான். ஆனால் உள்ளுக்குள் உங்களை அரிக்கிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: தன் தெருவை விட்டு வந்த ஒரு கிழவியிடம் என்ன பலம் மிச்சமிருக்கும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சட்டத்தைச் சரிக்கட்டிவிடலாம்.

நான் 34 வருடம் சேலத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்தியவன். பெரும்பாலும் எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். இப்போது கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டு ஏற்காட்டில் குடியிருக்கிறேன். மகள் பர்மிங்காம் பக்கம் இருக்கிறாள்; இரண்டு தடவை போய் ஐந்தைந்து மாதம் தங்கியிருக்கிறேன். பொழுது போகாமல் அங்கே கோர்ட்டுகளுக்குப் போய்ப் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்துவிடுவேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆகவே நம் ஊர் நடைமுறையைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்துச் சட்டத்தைப் பொறுத்தவரை புத்தகத்தில் உள்ளதைச் சொல்கிறேன். அங்கே ஸ்டேஷனுக்குள் அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதை அங்கு தொழில் செய்கிற ஒருவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த காயத்துக்கும் தள்ளிவிட்ட காயத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. அதில் நான் வாய் வைக்கவில்லை.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். அம்மாபேட்டையில் நடந்தது. சம்பவ நேரத்தில் தன் வீட்டில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது என் கட்சிக்காரரின் வாதம். அரசுத் தரப்பில் அதை உடைக்கக் கூண்டில் ஏற்றியது ஒரே ஒரு கிழவியை. பக்கத்து வீடு, தறிக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுக்கிற அம்மா. கண் பார்வையும் சுமார்தான். குறுக்கு விசாரணையில் நான் தெம்பாக ஆரம்பித்தேன். "நீங்க வீட்டுக்குள்ள தார் சுத்திட்டு இருந்தீங்க. அவர் வெளிய போனதைக் கண்ணால பாக்கலை. சரிதானேம்மா?" "பாக்கலைங்க." "பாக்காம எப்படிப் போயிட்டார்னு சொல்றீங்க?" "தறி நின்னுச்சுங்களே." பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்பது என் சீனியர் முதல் வாரத்திலேயே சொன்ன பாடம். அதை மறந்து, "கரண்ட் போயிருக்கலாமில்ல?" என்று கேட்டுவிட்டேன். கிழவி என்னைப் பாவமாகப் பார்த்தார். "கரண்ட் போனா தெருவுல எல்லாத் தறியும் நிக்குமுங்க. அவன் தறி மட்டுந்தான் நின்னுச்சு." சும்மா இருந்திருக்கலாம். "நூல் அறுந்திருக்கும்" என்றேன். "நூல் அறுந்தா முடி போட்டு உடனே ஓட்டிருவாங்க. அன்னிக்கு விளக்கு வெக்கிற வரைக்கும் ஓடலைங்க." நீதிபதி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வழக்கு என் கட்சிக்காரருக்கு நல்லபடியாக முடியவில்லை.

அந்த அம்மா எதையும் ஆராயவில்லை. நாற்பது வருடமாக அந்தத் தெருவின் சத்தம் காதில் ஊறியிருந்தது. அதில் ஒன்று குறைந்தது, தெரிந்துவிட்டது. நான் பார்த்த நல்ல சாட்சிகள் எல்லாருமே இப்படித்தான். தண்ணீர் விடும் நாளை வைத்துத் தேதி சொல்வார்கள், பால்காரர் மணியை வைத்து நேரம் சொல்வார்கள், ஏலச்சீட்டு நடத்துகிற பெண்கள் யார் வீட்டில் பணமுடை என்பதைப் புருஷன் பெண்டாட்டிக்கு முன்பே தெரிந்து வைத்திருப்பார்கள். கிழவிகள் துப்பறிகிற கதைகள் உலகம் முழுக்க ஓடுவதற்குக் காரணம் அவர்கள் மேதாவிகள் என்பதில்லை. வழக்கமாக எது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வழக்கம் தவறினால் உறுத்தும். அவ்வளவுதான் விஷயம்.

உங்கள் நாவலின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பாட்டியை விமானம் ஏற்றியதும் இந்தப் பலம் போய்விடுகிறது. அந்தத் தெருவில் எது வழக்கம் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் பிரதியில் பாட்டி போய் இறங்கிய மூன்றாம் நாளே சாவு விழுகிறது. ஏழாம் நாள் சந்தேகப்படுகிறார். நண்பர்கள் சிரித்தது அதற்காகத்தான் இருக்கும், இங்கிலீஷுக்காக இல்லை. அகதா கிறிஸ்டி இந்தச் சங்கடத்தை எப்படித் தாண்டினார் என்று பாருங்கள். அவருடைய துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் வருகிற 12 நாவல்களில், கதை முழுக்க வெளிநாட்டில் நடப்பது 1964-ல் வந்த கரீபியன் தீவுக் கதை ஒன்றுதான். அங்கேயும் அந்தம்மாவைத் தீவின் தெருக்களில் அலையவிடவில்லை. ஒரு ஹோட்டலுக்குள் உட்கார வைத்து, சுற்றிலும் பெரும்பாலும் இங்கிலீஷ் பேசுகிற விருந்தாளிகளையே நிரப்பிவிட்டார். தன் கிராமத்தில் பார்த்த மனுஷர்களோடு ஒப்பிட்டே அவரால் எல்லாரையும் எடைபோட முடிந்தது. கடலும் தென்னை மரமும் பின்னால் தொங்கவிட்ட படுதா மாதிரிதான். உங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் பாட்டியைச் சுற்றி இருப்பவர்கள் முழுக்க வேற்று மனுஷர்கள்.

ஆகவே அவருக்கு நாள் கொடுங்கள். சாவு விழுவதற்கு முன் குறைந்தது ஐந்து வாரமாவது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கட்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் அங்கே வயதானவர்களுக்கு ஜன்னல்தான் கதி, அனுபவித்தவன் சொல்கிறேன். முதல் வாரம் ஒன்றும் புரியாது. தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. அப்புறம் மெல்லப் பிடிபடும். எனக்கு முதலில் பிடிபட்டது குப்பைத்தொட்டி. அங்கே வீட்டுக்கு இரண்டு மூன்று சக்கரத் தொட்டிகள், நிறம் வேறு வேறு. ஒரு வாரம் சாதாரணக் குப்பை, மறு வாரம் மறுசுழற்சிக்குப் போகிற குப்பை என்று பல ஊர்களில் மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். முந்தின ராத்திரியே வாசலில் தள்ளிக்கொண்டுபோய் வைக்க வேண்டும். எந்த வாரம் எந்த நிறம் என்று அந்தத் தெருக்காரர்களுக்கே குழப்பம். ஒருவர் வைப்பதைப் பார்த்து மற்றவர்கள் வைப்பார்கள். எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பெரியவர்தான் தலை. அவர் பச்சையை வைத்தால் தெருவே பச்சை. தண்ணீர் விடும் நாளுக்குக் குடத்தோடு காத்திருந்து வளர்ந்த ஒருவருக்கு இது இரண்டே வாரத்தில் அத்துபடியாகிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்தப் பெரியவர் வாசலில் தப்பான நிறத் தொட்டி நிற்கிறது என்று வையுங்கள். அதை வைத்தது அவர் இல்லை என்று பாட்டிக்குத் தெரியும். போலீஸுக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது, அவன் அங்கே பதினைந்து வருடமாக இருந்தாலும்.

இன்னொரு யோசனை. பாட்டி செவ்வாய்ப்பேட்டைக்காரர் என்பதை மாற்றி ஏற்காட்டுக்காரர் ஆக்கிவிடுங்களேன். இங்கே குடியிருப்பதால் வருகிற பாசம் என்று நினைக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்குப் பனிமூட்டம் புதிதில்லை, கம்பளியும் ஈரச் சுவரும் புதிதில்லை, ஓட்டுக்கூரை பங்களாவும் புதிதில்லை. சேலத்து வெயிலில் வளர்ந்தவர் அங்கே முதல் இரண்டு மாதம் குளிரோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். உங்கள் பிரதியில் முப்பது பக்கம் அதற்கே செலவாகியிருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் மொழி. இங்கே 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் முதல் பல பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைப்பவை. அப்படி ஒரு பள்ளியின் சமையல்கட்டில் முப்பது வருடம் வேலை பார்த்த அம்மாக்களை எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் இங்கிலீஷ் வராது. ஆனால் காதில் விழுவது முக்கால்வாசி புரியும். பாதிரியார் என்ன சொன்னார், பிள்ளைகள் யாரைத் திட்டின, எல்லாம் அடுப்படிக்கு வந்து சேர்ந்துவிடும். இது உங்களுக்குக் கிடைத்த புதையல். பேசத் தெரியாதவருக்குப் புரியவும் புரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். தேநீர்க் கோப்பையை நீட்டிவிட்டுப் பாட்டியின் முன்னாலேயே சொத்துச் சண்டையைப் பேசுவார்கள். உங்கள் நண்பர்கள் எதைக் குறை என்று சொன்னார்களோ, அதை வைத்தே கதையை நகர்த்தலாம்.

சம்பந்தம் கொஞ்சம் தூரம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்நிய மண்ணில் உட்கார்ந்து துப்புத் துலக்கிய ஒரு முதியவர் எங்கள் ஊரிலேயே இருந்திருக்கிறார். 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல் ஆயுதத்தைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் குடியிருந்தது ஏற்காட்டில். இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பாட்டி ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பக்கம் ஒருமுறை நடந்துவிட்டு வரட்டும். கல்லைப் பார்த்துவிட்டு இது தானாக உடைந்ததில்லை, ஒரு கை உடைத்தது என்று சொன்ன மனுஷர் அவர்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நம் ஊரில் ஒருவர் மர்மமாக இறந்தால் போலீஸே அக்கம்பக்கத்துப் பெரியவர்களைப் பஞ்சாயத்தார்களாக வைத்துப் பிரேத விசாரணை நடத்தி அறிக்கை எழுதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் 194. கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்.டி.ஓ.) விசாரணை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்வது கரோனர் என்கிற தனி நீதி அதிகாரி. இறந்தது யார், எப்போது, எங்கே, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்குத்தான் அவர் விடை தேடுவார். குற்றவாளி யார் என்று பெயர் சொல்ல அவருக்கு அதிகாரமே கிடையாது. நான் ஒரு நாள் அந்த கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். கூண்டு இல்லை, எதிரி இல்லை. மேஜை மேல் தண்ணீர்க் குவளையும் கண் துடைக்கிற காகிதப் பெட்டியும். கரோனர் இறந்தவரின் மகளிடம் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு பிரேத விசாரணை அறிக்கையிலும் அந்தக் கேள்வியை நான் பார்த்ததில்லை.

உங்கள் கதைக்கு இதில் இரண்டு வசதி. மாடிப்படியில் விழுந்த சாவு இயற்கை மரணம் இல்லை என்பதால் எப்படியும் கரோனரிடம் போகும். அங்கே விசாரணை தொடங்கியதும் முடிந்துவிடாது. மரணம் தெரியவந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது அதற்கப்புறம் முடிந்தவரை சீக்கிரம், முடிக்க வேண்டும் என்பது விதி. பாட்டியின் விருந்தாளி விசாவும் அதிகபட்சம் ஆறு மாதம். இரண்டு கடிகாரமும் சேர்ந்தே ஓடுகின்றன பாருங்கள், இதைவிட நல்ல கெடு எங்கே கிடைக்கும்? ஒருவேளை நீங்கள் மனசு மாறி, தாத்தா படுக்கையிலேயே மாரடைப்பில் போனது போல் எழுதினால், கதை நடக்கும் வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரோனருக்குப் போகாத ஒவ்வொரு சாவையும் மருத்துவப் பரிசோதகர் ஒருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. குடும்ப டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார் என்று இனி எழுத முடியாது. இன்னொன்று, அங்கே பிணத்தை மறுநாளே எடுத்துவிட மாட்டார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அடக்கம் என்பது சாதாரணம். பாட்டிக்கு அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பக்கத்து வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, எடுக்கவில்லை, ஆனால் மருமகள் வழக்கம்போல் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

சாவு நடந்த மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் அக்கம்பக்கத்தில் கேட்க வருவார் அல்லவா, அந்தக் காட்சியை நீங்கள் நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் நாவலின் முக்கியமான இடமாகப் படுகிறது. வருகிறவர் இருபத்தைந்து வயதுப் பையனாக இருப்பான். பாட்டியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். மரியாதைக்குறைவு இல்லை, அங்கே அப்படித்தான். வாசலில் நின்று மகன் மொழிபெயர்ப்பான். பாட்டி ஐந்து நிமிடம் பேசுவார்: தொட்டி நிறம், விளக்கு எரிந்த நேரம், அந்தத் தாத்தா ராத்திரியில் மாடியேறவே மாட்டார், கீழே சாய்வு நாற்காலியிலேயே தூங்குவார் என்பது. மகன் திரும்பி, "அம்மா எதுவும் பார்க்கலையாம்" என்று இங்கிலீஷில் ஒரே வாக்கியம் சொல்வான். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, வம்பு வேண்டாம், விசா வேறு இருக்கிறது. பாட்டிக்கு அந்த வாக்கியம் புரிந்துவிடுகிறது என்பதுதான் காட்சியின் உயிர். நம் ஊர் ஸ்டேஷனிலும் இது தினமும் நடக்கிறதுதான். சாட்சி பத்து வரி சொல்வார், ஏட்டு ஒரு வரி எழுதுவார், அதுவும் எல்லாச் சாட்சிக்கும் ஒரே வரியாக இருக்கும். ஆனால் இங்கிலாந்தில் முறைப்படி வாக்குமூலம் வாங்குவதென்றால் வேறு மொழிக்காரருக்குத் தனியாக மொழிபெயர்ப்பாளர் வைத்து, அவர் பேசிய மொழியிலேயே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, அப்புறம் இங்கிலீஷில் பெயர்க்க வேண்டும். நம் ஊரில் போலீஸ் பதிவு செய்கிற சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. தமிழில் தான் சொன்னது தமிழிலேயே எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து, பள்ளிச் சமையல்கட்டில் கைநாட்டு வேண்டாம் என்று கற்றுக்கொண்ட கையெழுத்தைப் பாட்டி அதன் கீழே போடுகிற இடத்தை நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

துப்பு பலவீனமாக இருக்கிறது, ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று தருகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடிகாலை இரண்டு மணிக்கு இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி மறுபடி ஒரு மணி ஆக்குவார்கள். அதாவது அந்த ராத்திரியில் ஒன்றரை மணி இரண்டு தடவை வரும். போன் தானாக மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரமும் அடுப்பில் இருக்கிற கடிகாரமும் மாறாது. தாத்தாவின் மருமகப் பிள்ளை ஒன்றரை மணி வரை நண்பர் வீட்டு விருந்தில் இருந்தான், மூன்று பேர் சாட்சி. எதிர்வீட்டுப் பெண் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தபோது தடாலென்று சத்தம் கேட்டுப் போனைப் பார்த்தாள், ஒன்றரை. ஆகவே அவன்மேல் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் கிளம்பியது முதல் ஒன்றரை, அவள் பார்த்தது இரண்டாவது ஒன்றரை. நடுவில் முழுசாக ஒரு மணி நேரம். பாட்டிக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் அவர் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து மாற்றவே இல்லை. தூக்கம் வராமல் ஏற்காட்டிலுள்ள தங்கச்சியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். முதல் ஒன்றரை என்றால் இங்கே காலை ஆறு, இரண்டாவது என்றால் ஏழு. சத்தம் கேட்டபோது தங்கச்சி, "அக்கா, இவரு கறிக்கடைக்குக் கெளம்பிட்டாரு, பையை எடுத்துக் குடுத்துட்டு வரேன்" என்றாள். அங்கே ஞாயிறு என்றால் இங்கேயும் ஞாயிறுதான், பள்ளிக்கூட வேன் என்று எழுதிவிடாதீர்கள். புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்திருக்கும், அதனால் கறி பொருந்தும். சஷ்டி விரதம் குறுக்கே வருகிற வருடமா என்று மட்டும் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தங்கச்சியின் போனில் அந்த அழைப்பு இந்திய நேரத்தில் பதிவாகியிருக்கும். இந்தியாவில் கடிகாரத்தை யாரும் தள்ளுவதில்லை. அசைக்க முடியாத சாட்சி, ஏற்காட்டில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிற ஒரு போன்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். கொலை என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்த ஊர் போலீஸ் தெருக் கேமராவையும் போன் பதிவுகளையும் வைத்து இந்த ஒரு மணி நேரத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். பாட்டி தேவைப்பட மாட்டார். ஆகவே கடைசிவரை எல்லாரும் விபத்து என்றே நம்ப வேண்டும். போலீஸை முட்டாளாகக் காட்டாதீர்கள். அவர்கள் தேடவில்லை, தேடக் காரணமும் இல்லை, அப்படி இருந்தால் போதும்.

கடைசிக் காட்சியில் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்ல, குற்றவாளி உடைந்து ஒப்புக்கொள்ள, இன்ஸ்பெக்டர் கைது செய்கிறார். இந்த வகை நாவல்களுக்கே உரிய முடிவு. இதைச் சேலத்தில் வைத்திருந்தால் ஒரு ஜூனியர் வக்கீலே வழக்கைக் கவிழ்த்துவிடுவார். போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் நம் நாட்டில் சாட்சியமே ஆகாது. 1872-ம் வருடச் சட்டத்தில் 25-வது பிரிவு, இப்போதைய சாட்சியச் சட்டத்தில் 23. எதிரி காட்டிய இடத்தில் கத்தி கிடைத்தால் அந்தக் கத்தி சம்பந்தப்பட்ட சொற்கள் மட்டும் செல்லும், மற்றதெல்லாம் குப்பை. போலீஸ் இல்லாமல் தனியாரிடம் ஒப்புக்கொண்டால் சட்டப்படி செல்லும், ஆனால் பலவீனமான சாட்சியம். நம் பக்கத்து வழக்குகளில் எதிரி திடீரென்று கிராம நிர்வாக அலுவலர் முன்னால் போய் நின்று மனம் திருந்தி ஒப்புக்கொண்டதாக ஒரு பத்தி இருக்கும். முன்பின் தெரியாத விஏஓ-விடம் போய் ஏன் சொன்னார் என்று கேட்பதுதான் எங்கள் பிழைப்பே. இங்கிலாந்தில் நிலைமை வேறு. போலீஸிடம் செய்த ஒப்புதலும் அங்கே செல்லும். மிரட்டியோ, நம்பமுடியாததாக ஆக்கிவிடுகிற விதத்திலோ வாங்கவில்லை என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். முறையான எச்சரிக்கை சொல்லாமல் வாங்கியிருந்தால் நீதிபதி ஒதுக்கிவைக்கலாம். ஆகவே நீங்கள் தெரிந்து வைத்தீர்களோ தெரியாமல் வைத்தீர்களோ, கதையை இங்கிலாந்தில் வைத்தது நல்லதாகப் போயிற்று. கூடத்தில் இன்ஸ்பெக்டர் மட்டும் வேண்டாம். அவன் பாட்டியிடம் தனியாகச் சொல்லட்டும். இந்தக் கிழவிக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில் சொல்லட்டும். நடு அத்தியாயத்தில் விதைத்தது அங்கே முளைக்கும்.

பாட்டி சாட்சி சொல்வதற்குள் விசா முடிந்துவிடுமே என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முடியும். வழக்கு பெரிய கோர்ட்டுக்கு வருவதற்குள் அவர் மலையேறி வீட்டுக்கு வந்திருப்பார். காணொளி வழியாகச் சாட்சியம் வாங்க வழியிருக்கிறது. அந்த கோர்ட்டின் அனுமதி வேண்டும், இரண்டு நாட்டு அரசுகளுக்கும் இடையே கடிதப் போக்குவரத்தும் நடக்க வேண்டும், அதனால் வீட்டு வராந்தாவில் போனை நீட்டிக்கொண்டு உட்கார வைக்காதீர்கள், முறையான ஓர் அறையில் உட்காரட்டும். அங்கே காலை பத்தரைக்கு கோர்ட் கூடினால் இங்கே மாலை நான்கு. மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மறுபடி முன்னால் தள்ளிவிடுவார்கள், அதற்கப்புறம் என்றால் மூன்று மணி. எந்த மாதம் என்று முடிவு செய்துவிட்டு அந்த அத்தியாயத்தை எழுதுங்கள்; வாசகர்களில் யாராவது ஒரு பாட்டி கண்டிப்பாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்.